செவ்வாய் வெள்ளி மட்டும் கணக்குப் போட்ட டி.என்.ஏ.

டி.என்.ஏ.வில் கணக்குப் போடுகிறேன் என்று என்றைக்குச் சொன்னேனோ, அன்றைக்கே சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் தலைமுடியைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமாதான் அதில் முதல் ஆள். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, எங்கள் வம்சம் பழைய ராஜா வம்சம்தான் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றார். ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்ட வேண்டுமாம். சரி மாமா, உங்கள் முடி இருக்கிறது, ராஜாவின் முடிக்கு எங்கே போவது என்று கேட்டேன். அதெல்லாம் உங்கள் டிபார்ட்மெண்டில் ஸ்டாக் இருக்காதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். சர்வீஸ் முழுக்கக் கேஸ் எழுதியே காலம் தள்ளிய மனுஷன்.

நான் செய்கிற வேலைக்கும் அப்பன் பாட்டனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டி.என்.ஏ. என்றால் நம் ஊரில் கோர்ட்டும் கள்ளத்தொடர்பும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. எனக்கு அது வெறும் நூல். நாலே எழுத்தில் எழுதப்பட்ட நூல். எந்த எழுத்துக்கு எந்த எழுத்து ஜோடி என்பது ஏற்கெனவே பேசி முடித்த சம்பந்தம். ஜோடி பொருந்தினால் இரண்டு நூலும் ஒட்டிக்கொள்ளும், பொருந்தாவிட்டால் ஒட்டாது. எந்த எழுத்து எந்த வரிசையில் வேண்டும் என்று நான் டைப் அடித்து அனுப்பினால், கம்பெனிக்காரன் அதே வரிசையில் கோத்துக் கூரியரில் அனுப்புவான். சுண்டு விரல் நகம் அளவு டியூபின் அடியில் காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காலி டியூபை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று கூரியர்காரர் ஒருமுறை எனக்காகக் கம்பெனியோடு சண்டை போடவே கிளம்பிவிட்டார்.

இதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவது என்று கேட்கிற பிள்ளைகளைச் சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போய்ப் பெண்கள் பக்கம் அரை மணி நேரம் நின்று பார்க்கச் சொல்வேன். இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் நிற்பார்கள். மூன்றாவதாக ஒருத்தி வருவாள். எடுத்த எடுப்பில் யாரையும் தள்ளமாட்டாள். ஒரு காலை மட்டும் உள்ளே வைப்பாள். கால் வைக்க இடம் கிடைத்துவிட்டால் போதும், அடுத்தது தோள், அடுத்தது இடுப்பு. கொஞ்ச நேரத்தில் பழைய ஆள் வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டு நிற்பாள், தான் எப்படி வெளியே வந்தோம் என்று அவளுக்கே தெரியாது. டியூபுக்குள் நடப்பதும் அச்சு அசல் இதுதான். ஜோடியாக இருக்கிற இரண்டு நூலில் ஒன்றுக்குக் கொஞ்சம் வால் நீட்டிக்கொண்டிருக்கும்படி எழுதி வைப்போம். மூன்றாவது நூல் அந்த வாலில் கால் வைத்து ஏறி, பழைய ஜோடியைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட நூலின் நுனியில் ஒரு சாயம் கட்டியிருக்கும். ஜோடியோடு இருக்கும்வரை அது அணைந்து கிடக்கும். தனியே வந்துவிட்டால் நீல விளக்கடியில் பச்சையாக எரியும். எரிந்தால் ஆமாம். எரியாவிட்டால் இல்லை. கம்ப்யூட்டர் என்று நாம் கும்பிட்டுக்கொண்டிருக்கிற சாமானும் அடியில் இதைத்தான் செய்கிறது.

எங்கள் ப்ராஜெக்ட் இதில் ஒரு சின்ன விஷயம். நெல்லில் குலைநோய் வருகிறதே, அந்தப் பூஞ்சையின் டி.என்.ஏ.வில் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டோம். ஒரு துண்டு மட்டும் இருந்தால் அது வேறு பங்காளிப் பூஞ்சையாகவும் இருக்கலாம். இரண்டும் இருந்தால்தான் இவன். ஆகவே இரண்டு நூலும் வந்து சேர்ந்தால் மட்டும் எரிய வேண்டும், ஒன்று மட்டும் வந்தால் எரியக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் பாஷையில் கேட் என்று பெயர். கல்யாணத்துக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தலையாட்ட வேண்டும் என்பது மாதிரி. வயலுக்குப் போவதெல்லாம் அப்புறம். முதலில் கம்பெனி நூலை வைத்து டியூபில் எரியவைத்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் ப்ராஜெக்ட் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன், தென்காசிக்குப் பக்கத்தில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. எங்கள் செக்ரட்டரி டி.என்.ஏ. கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாமே என்று ஆசையாகப் பார்க்க வந்தார். டியூபைக் காட்டினேன். கீபோர்டு தனியாக வருமா என்று கேட்டார்.

ப்ராஜெக்டில் எனக்கு ஒரே ஒரு அசிஸ்டென்ட். வடகரையில் வாழ்க்கைப்பட்ட பெண். நான் அவளை வடகரைக்காரி என்றுதான் கூப்பிடுவேன், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கட்டிக்கொடுத்துவிட்டார்கள். புருஷன் ராணுவத்தில், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். வீட்டில் மாமனார், மாமியார், நெல் வயல், நாலு மாடு. அவள் வேலைக்கு வந்ததே ஒரு பெரிய பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான். மாமியார் போட்ட நிபந்தனைகளைக் கேட்டால் இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒப்பந்தம் எழுதியது மாதிரி இருக்கும். விளக்கு வைக்கும் முன் வீடு வந்துவிட வேண்டும். செவ்வாய் வெள்ளி தலைக்குக் குளித்துப் பூ வைக்காமல் படி இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த ப்ராஜெக்ட் முடிகிற வரைக்கும்தான் வேலை, முடிந்தால் வீட்டோடு. வேறு இடம் தேடுகிற பேச்சே கிடையாது. அவள் இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ப்ராஜெக்ட் முடிகிற தேதி என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வேலையில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது, நான் குறை சொல்லியே பழக்கப்பட்டவள். எங்கள் லேபில் பெரிய மெஷின் எதுவும் இல்லை. மீன் தொட்டி செய்கிறவரிடம் சொல்லி ஒரு பெட்டி செய்து வாங்கி, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, நீல விளக்கு வைத்து, போர்டு எழுதுகிற கடையில் வாங்கிய ஆரஞ்சு அக்ரிலிக் தகட்டை முன்னால் மாட்டியிருந்தோம். நாலு டியூப். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் முதல் துண்டு, ஒன்றில் இரண்டாவது துண்டு, கடைசியில் இரண்டும். முதல் மூன்றும் இருட்டாக இருக்க வேண்டும், நாலாவது எரிய வேண்டும். வடகரைக்காரி வரிசையாக ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைப்பாள். நாலாவது வந்ததும் அவளுக்குப் படபடப்பு வந்துவிடும். மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, டியூபை அடியில் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பாள். க்ளவுஸ் போட்டிருப்பாள், அதிலெல்லாம் சுத்தம். நானும் பக்கத்தில் நின்று வை வை என்று அவசரப்படுத்துவேன்.

ஏழு மாதம் எரியவில்லை. நூலை மாற்றினோம், உப்பை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், கடைசியாகப் பெட்டியிலிருந்த மங்கல் விளக்கை எடுத்துவிட்டுப் பிரகாசமான நீல விளக்காக மாற்றினோம். நான் கம்பெனிக்காரனைத் திட்டினேன், கரண்ட் ஆபீஸைத் திட்டினேன், எதுவும் கிடைக்காத நாளில் வடகரைக்காரியைத் திட்டினேன். ஒரு நாள் எரிந்தது. நாலாவது டியூபின் அடியில் மட்டும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு பொட்டு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது. அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அன்றே போட்டோ எடுத்து, கொஞ்சம் பெரிதாக எழுதி, ப்ராஜெக்ட் ஆபீஸுக்கு மெயில் அனுப்பினேன். பொறுமையாக நாலு நாள் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம். பொறுமை இருந்தால் நான் ஏன் நானாக இருக்கிறேன்.

மறுவாரம் திங்கள்கிழமை எரியவில்லை. செவ்வாய் எரிந்தது. புதன், வியாழன் மண்ணாங்கட்டி. வெள்ளி ஜம்மென்று எரிந்தது. மூன்று வாரம் இப்படியே போனது. தினசரிக் காலண்டரில் எரிந்த நாளுக்கெல்லாம் டிக் அடித்துப் பார்த்தேன். அத்தனை டிக்கும் செவ்வாய், வெள்ளி. இந்த ஊரில் அம்மன் கோயில்தான் கிழமை பார்த்துக் கூட்டம் சேர்க்கும், என் டியூபும் அதே பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பித்திருந்தது. விஷயம் செக்ரட்டரி காதுக்கு எட்டி, அவர் மனம் குளிர்ந்து, பெட்டிக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். நான் அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

எனக்குத் தெரிந்த விஞ்ஞான முறையில் காரணம் தேடினேன். லேபுக்குப் பின்னால் ஒரு மர அறுவை மில் இருக்கிறது. அவன் ரம்பம் ஓட்டினால் எங்கள் விளக்கு மங்கும். செவ்வாயும் வெள்ளியும் அவன் லீவு விட்டால் வோல்டேஜ் சரியாகி டியூப் எரிகிறது என்று ஒரு தியரி கட்டினேன், அதை நம்பி ஸ்டெபிலைசரும் வாங்கினேன். அப்புறம் மில்லுக்கு நேரே போய் விசாரித்தால், அந்த அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு விடுகிறாராம். செவ்வாய் வெள்ளியில் லீவு விட நான் என்ன கோயில் பூசாரியா என்று கேட்டார். வாங்கிய ஸ்டெபிலைசரை வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாட்டிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எரிச்சலில் வரிசையை மாற்றச் சொன்னேன். இரண்டும் உள்ள டியூபை முதலில் வை, தண்ணீர் டியூபைக் கடைசியில் வை என்றேன். வடகரைக்காரி அப்படியே செய்தாள். கடைசி டியூபைத் தூக்கும்போது வழக்கம்போல் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். விளக்கைப் போட்டால், எரிய வேண்டியது இருட்டாகக் கிடக்கிறது. வெறும் தண்ணீர் பச்சைப் பசேலென்று எரிகிறது. தண்ணீருக்கு என்ன தெரியும்? அதில் நூலும் இல்லை, சாயமும் இல்லை. அந்த டியூபை வெளியே எடுத்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அதன் அடியைத் துடைத்தேன். டியூப் அணைந்துவிட்டது. பஞ்சு எரிந்தது.

நான் பஞ்சைப் பார்த்தேன், அவள் க்ளவுஸைப் பார்த்தேன், அவள் மூக்கைப் பார்த்தேன். அந்த ஆரஞ்சுத் தகட்டைக் கழற்றி என் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, நீல விளக்கை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். நெற்றி, கன்னம், மூக்கு, தாடை என்று முகம் மொத்தமும் எரிந்தது, மாரியம்மன் நேரில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி. மஞ்சள். செவ்வாயும் வெள்ளியும் மஞ்சள் பூசிக் குளிக்காமல் அந்த வீட்டில் யாரும் படி இறங்க முடியாது. கண்ணாடியைத் தள்ளுகிற விரலில் மஞ்சள், அதே விரலால் கடைசி டியூபின் அடி. பழைய மங்கல் விளக்கில் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மஞ்சள் நீல விளக்கில் எரியும் என்பது நானே இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம். எனக்கு ஏன் உறைக்கவில்லை என்றால், விவாகரத்துக்குப் பிறகு நான் மஞ்சளைக் குழம்பில் பார்ப்பதோடு சரி. சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். வடகரைக்காரி சிரிக்கவில்லை. அப்படின்னா நம்ம கேட் ஒரு நாள்கூட எரியலையா மேடம் என்று கேட்டாள். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

அன்றையிலிருந்து லேபுக்குள் நுழையும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவினாள். கழுவிய முகத்தோடு வைத்தால் நாலு டியூபும் நாலு பிணம். செவ்வாய் வெள்ளி அதிசயமெல்லாம் நின்றுபோனது, கூடவே நான் மெயிலில் அனுப்பிய வெற்றிகளும் பொய்யாகிவிட்டன. மறு மெயில் போட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு எழுதுகிறேன், நாளைக்கு எழுதுகிறேன் என்று தள்ளினேன். அதற்குள் கேட்டைச் சரி செய்து நிஜமாகவே எரியவைத்துவிட்டால் பழைய பொய் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று ஒரு நப்பாசை. மக்னீசியம் உப்பைக் கூட்டினோம், குறைத்தோம், சூட்டைக் கூட்டினோம், குறைத்தோம். நேரம்தான் போனது.

அதற்குள் ரிவ்யூவுக்குத் தேதி வந்துவிட்டது. மற்ற ஊரில் எப்படியோ தெரியாது, தென்காசியில் எந்த ஆபீஸர் ஆய்வுக்கு வந்தாலும் சாரல் விழுகிற மாதத்தில்தான் வருவார். மார்ச்சில் கூப்பிட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் நேரம் இருக்காது. எங்கள் ரிவ்யூவர் வெளியூர்ப் பேராசிரியர், இரண்டு நாள் முன்னாலேயே மனைவியோடு வந்து, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று வரிசையாகக் குளித்து, எண்ணெய் தேய்த்து, செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிட்டு, மூன்றாவது நாள் எங்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த மூன்றாவது நாள் ஆடி வெள்ளி. வேண்டுமென்றே தேடிப் பிடித்தாலும் இதைவிட மஞ்சளான ஒரு நாள் கிடைத்திருக்காது.

முந்தின நாள் சாயங்காலம் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பும் நேரம். வடகரைக்காரி பையைத் தோளில் மாட்டியவள் திரும்ப வந்து, என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். வீட்டில் மாமியார் இப்போதே கணக்கு வைத்திருக்கிறாளாம், ப்ராஜெக்ட் நீட்டவில்லையென்றால் அடுத்த மாதம் முதல் மாட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளை நிறுத்திவிடலாம் என்று. என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“நாளைக்கு நான் மஞ்ச கழுவாம வாரேன் மேடம். கடைசி டியூப நானே எடுக்கேன். நீங்க ஒண்ணும் கேக்காதிய.”

எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். செக்ரட்டரியை முகத்துக்கு நேரே பேசியிருக்கிறேன், மாமாவைப் பேசியிருக்கிறேன், ஜட்ஜ் முன்னால் என் புருஷனைப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மேஜை மேலிருந்த பேப்பரை அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். வீட்டுக்குப் போய் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்: நான் செய்யச் சொல்லவில்லையே. தவிர, கேட் என்றாவது எரியத்தானே போகிறது, கொஞ்சம் முன்னாடியே எரிந்ததாக இருக்கட்டுமே. ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வர இரண்டு வருஷம் கிடைக்கிறது என்றால் ஒரு சிட்டிகை மஞ்சள் என்ன பெரிய பாவம். இதையெல்லாம் நான் உண்மையாகவே நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஸ்கூட்டரை ஷெட்டில் நிறுத்தும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக நேரே லேபுக்குப் போய்விடுகிறவள். தூறல் விழுந்துகொண்டிருந்தது, குடை பிடித்திருந்தாள். முகத்தில் மஞ்சள் பளிச்சென்று இருந்தது, ஆடி வெள்ளி என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே. தலை நிறையப் பிச்சிப்பூ. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். சாப்பிட்டியாட்டி என்று கேட்டேன். சாப்பிட்டேன் மேடம் என்றாள். ரிவ்யூவர் வருகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

பேராசிரியர் ஈரத் தலையோடு வந்தார். காரின் பின் சீட்டில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைகிற சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் ஏமாற்ற மனம் வந்திருக்கும். குலைநோயைப் பற்றி, நூலைப் பற்றி, நான் அருவிக் கதையெல்லாம் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு லைட்டை அணைத்தோம். வடகரைக்காரி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தாள். நாலாவதைக் கையில் எடுக்கும் முன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். உள்ளே வைத்தாள். நீல விளக்கைப் போட்டாள்.

நாலும் இருட்டு. நான் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். விளக்கின் வெளிச்சம் பட்ட முகம் சுத்தமாக, சாதாரணமாக இருந்தது. நெற்றி ஓரத்தில் முடி நனைந்து ஒட்டிக்கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடிப்பாவி, கடைசி நிமிஷத்தில் இப்படிப் பண்ணிவிட்டாயே என்று பல்லைக் கடித்தேன். பேராசிரியர் குனிந்து, கண்ணை இடுக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். என் வாய் அதன் பாட்டுக்குப் பேசியது. நாலாவது கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது சார், கண் பழகினால் தெரியும் என்றேன். அவரும் பாவம், மறுபடி குனிந்தார்.

“இல்ல சார்,” என்றாள் வடகரைக்காரி. “ஒண்ணும் தெரியல. இருந்தாத்தானே தெரியும்.”

லைட்டைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் அவளே சொன்னாள். செவ்வாய் வெள்ளி, காலண்டர் டிக், தண்ணீர் டியூப், பஞ்சு, தன் முகம் என்று ஒன்றையும் விடவில்லை. மெயிலில் போன போட்டோக்கள் அத்தனையும் தப்பு என்று சொல்லும்போது மட்டும் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று சொன்னாள். நான் என்று சொல்லியிருக்கலாம், என்னைக் கைகாட்டியிருக்கவும் செய்யலாம். நாங்கள் என்றாள். பேராசிரியர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்படி ஒரு தப்பைக் கண்டுபிடித்து வெளியே சொன்ன அசிஸ்டென்டைத் தான் பார்த்ததே இல்லை என்று அவளைப் பாராட்டினார். தன் மனைவியிடம் போய்ச் சொல்லவேண்டும் என்றார். மறுநாள் இன்னொரு தடவை ஐந்தருவியில் குளித்துவிட்டு ஊருக்குப் போனவர், இலக்கு எட்டப்படவில்லை, நீட்டிப்புக்குச் சிபாரிசு செய்ய இயலாது, திட்ட உதவியாளரின் நேர்மை பாராட்டத்தக்கது என்று ரிப்போர்ட் எழுதி அனுப்பினார். அந்தக் கடைசி வரியைக் காட்டினால் வடகரை பஸ்ஸில் ஒரு டிக்கெட்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

இப்போது அவள் வீட்டோடுதான் இருக்கிறாள். மாடு பார்க்கிற ஆளை நிறுத்திவிட்டார்கள். நான் தெரிந்த லேபுக்கெல்லாம் அவளுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்காவது இடம் கிடைத்தாலும் மாமியாரிடம் யார் பேசுவது என்று தெரியவில்லை. போனில் கேட்டால் நல்லா இருக்கேன் மேடம் என்கிறாள். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்கும்.

அவள் வேலையில் இருந்த கடைசி நாள் சாயங்காலம், நானே ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு மாதமாக மனதில் வைத்திருந்ததை அங்கே நின்று கேட்டேன். காலையில் ஷெட்டில் பார்க்கும்போது முகத்தில் மஞ்சள் இருந்ததே, முந்தின நாள் நீயேதானே சொன்னாய், பிறகு ஏன் போய்க் கழுவினாய், பயந்துவிட்டாயா என்றேன். குரலில் என் கோபமும் கொஞ்சம் இருந்தது, இருக்கத்தான் செய்தது. அவள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“கழுவணும்னு நெனச்சு வரல மேடம். செய்யணும்னுதான் வந்தேன். ஆனா ஷெட்டுல நீங்க வார வரைக்கும் நின்னேன். மூஞ்சியப் பாத்துட்டு, வேண்டாம்ட்டின்னு ஒரு வார்த்த சொல்லுவியன்னு பாத்தேன். நீங்க சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போயிட்டிய. பெறகு நானாத்தான் போயிக் கழுவிக்கிட்டேன்.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. குற்றம் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு எகிறியிருப்பேன். மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று கவலைப்படுகிற குரலிலேயே சொன்னாள். வடகரை பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்ந்து, என்னைத் தேடிக் கையசைத்தாள். எனக்கு வெட்கத்தில் கையைத் தூக்க வரவில்லை.